கட்டுச்சோறும் கடிகாரமும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பவாங் கடற்கரைப் பூங்காவுக்குப் போனால் கரியடுப்புகளின் புகைதான் முதலில் நம்மை வரவேற்கும். ஒரு குடும்பம் கோழி இறக்கைகளைக் கம்பிவலைமேல் அடுக்கிக்கொண்டிருக்கும். அடுத்த அடுப்பில் சாத்தே வாட்டுவார்கள். மரத்தடியில் பாய் விரித்து ஒரு பாட்டியம்மா புளியோதரைப் பாத்திரத்தைத் திறப்பார். எதிரே குறுகிய நீரிணை. அதற்கு அப்பால் தெரிவது எங்கள் ஜோகூர்.

நாங்கள் அக்கரையிலிருந்து வருபவர்கள். தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் என்றால் உயர்ந்த கட்டடங்கள் அல்ல, செம்பவாங்தான். கடலும் உண்டு, வெந்நீர் ஊற்றும் உண்டு, செலவும் குறைவு. ஆகவே சுற்றுலா என்றதும் பிள்ளைகள் இந்த இடத்தையே கேட்கிறார்கள். சுற்றுலா என்றால் கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

சமையல் குறிப்பு சொல்லப் போகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். சமைப்பதில் நம் தாய்மார்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. சமைத்து முடித்ததற்கும் சாப்பிட உட்காருவதற்கும் நடுவே இருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் இன்றைய விஷயம். அந்த நேரத்தை நாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாங்களும் ஒரு காலத்தில் வைக்கவில்லை.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு பள்ளியில் இருந்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த உடல்நலப் பாடம் நினைவிலிருந்து அழியாத காலம்தான் அது. ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைகளை ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தோம். விடியற்காலை ஐந்தரைக்குப் பேருந்து. ஆகவே இரவு இரண்டு மணிக்கே எழுந்து, சில தாய்மார்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து மீகூன் பிரட்டி, முட்டைச் சம்பல் வைத்தோம். சூட்டோடு சூடாகப் பொட்டலம் கட்டி, பொட்டலங்களைப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் நெருக்கி அடுக்கி, மூடியும் போட்டோம். சூடு ஆறாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

வழியில் பேருந்து பழுதாகி நின்றது. கடற்கரையில் பிள்ளைகள் முதலில் விளையாட வேண்டும் என்றார்கள். பொட்டலத்தைப் பிரித்தபோது பதினொரு மணி ஆகிவிட்டது. கெட்ட வாடை கிடையாது. ருசியிலும் குறையில்லை. பிள்ளைகள் இரண்டாவது பொட்டலம் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ்கிரீம்காரரிடம் ஆளுக்கொன்று வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு மணிக்கு முதல் பிள்ளை வாந்தி எடுத்தான். இரண்டு மணிக்குள் பதினேழு பேர். எட்டு வயதுப் பையன் ஒருவன் மிகவும் துவண்டுபோய், மருத்துவமனையில் ஒரு நாள் முழுவதும் கையில் ஊசியோடு கிடந்தான்.

உயிருக்கு ஆபத்தில்லாமல் எல்லாரும் வீடு திரும்பினார்கள். அவனுடைய அம்மா எங்களைத் திட்டவில்லை. “டீச்சர் குடுத்த சாப்பாடுன்னுதான் நான் ஒண்ணும் கட்டிக் குடுக்கல” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் ஐஸ்கிரீம்காரர்மீது பழியைப் போட்டோம். கடைசியாகச் சாப்பிட்டது அதுதானே! மருத்துவர்தான் கேட்டார், “ஐஸ்கிரீம் சாப்பிடாத பிள்ளை யாராவது வாந்தி எடுத்தார்களா?” என்று. மூன்று பேர் இருந்தார்கள், கையில் காசில்லாத மூன்று பேர். பொட்டலம் சாப்பிடாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் விரதம். அவளுக்கு ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கடற்கரைக்கு நாங்கள் இரண்டு முறை போய்ப் பார்த்தோம். அந்த ஐஸ்கிரீம்காரரைக் காண முடியவில்லை.

சாப்பிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தது ஏன் என்று மருத்துவர் விளக்கினார். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே புரியும்.

உணவால் வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, உயிருள்ள கிருமிகளை நாம் விழுங்குகிறோம். அவை குடலில் குடியேறிப் பெருகி நோயை உண்டாக்குகின்றன. சால்மொனெல்லா என்ற கிருமி இப்படிப்பட்டது. இதற்கு நேரம் பிடிக்கும். ஆறு மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மற்றொன்று, கிருமி உணவிலேயே பெருகி, உணவிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடுகிறது. நாம் சாப்பிடுவது அந்த நஞ்சை. இதற்குக் குடலில் பெருகும் வேலையே இல்லாததால் ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

சோறு, மீகூன் போன்ற மாவுச்சத்துள்ள பண்டங்களில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி இருக்கும். மண்ணிலும் தானியத்திலும் இயற்கையாக வாழ்வது அது. கொதிக்கும் தண்ணீரில் மற்றக் கிருமிகள் சாகும். இதுவோ கெட்டியான ஓட்டுக்குள் விதைபோல ஒடுங்கிக்கொள்ளும். இந்த விதை நிலையை வித்து என்கிறார்கள். சோறு வெந்தபின் சூடு தணிந்து வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் வித்து முளைத்துப் பெருகத் தொடங்குகிறது. இன்னொன்று, மனிதருடைய மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு முட்டை உரித்தால் அது முட்டைக்கு வந்துவிடும். அன்று எங்களில் ஒருவர் விரலில் கட்டு இருந்ததும் உண்மைதான். இந்த இரண்டில் எது அன்றைய குற்றவாளி என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: அவை விட்டுவைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. “கொஞ்சம் சூடு பண்ணிட்டா சரியாயிடும்” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது இங்கே செல்லாது. கிருமி செத்துவிடும். நஞ்சு அப்படியே இருக்கும்.

இப்போது வகுப்பறைக் கணக்கு ஒன்று போடுவோமா? கிருமிக்கு இதமான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிருமிகளோடு தொடங்குங்கள். ஒரு மணி நேரத்தில் 80. இரண்டு மணி நேரத்தில் 640. இதுவரை பயமில்லை. நான்கு மணி நேரத்தில் 40,960. ஏழு மணி நேரத்தில் 2 கோடியைத் தாண்டிவிடும்! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறுவது சொற்பம். கடைசி இரண்டு மணி நேரத்தில் ஏறுவது மலைபோல. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டிருந்தால் தப்பித்திருப்போமா என்று எங்களை நாங்களே பல நாள் கேட்டுக்கொண்டோம்.

இதமான சூடு என்றால் எவ்வளவு? சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் அளவு எளிதானது: 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது அபாய வட்டாரம். குளிர்ந்த உணவு 5-க்குக் கீழே இருக்க வேண்டும். சூடான உணவு 60-க்கு மேலே இருக்க வேண்டும். நடுவிலே நிற்கக்கூடாது.

மேல்நாட்டுப் புத்தகங்களில் “கோடைக்கால உணவு எச்சரிக்கை” என்று ஒரு பகுதி வரும். அங்கே ஆறு மாதம் குளிர், இயற்கையே குளிர்ச்சாதனப் பெட்டியாக இருந்து காப்பாற்றிவிடுகிறது. கோடை வந்தால்தான் கவலை. நமக்கு அப்படியா? செம்பவாங்கில் பகலில் 31, 32 டிகிரி. நள்ளிரவிலும் 24-க்குக் கீழே இறங்குவது அரிது. மார்கழியும் இப்படித்தான், சித்திரையும் இப்படித்தான். நம் அடுப்படி மேசை ஆண்டு முழுவதும் அபாய வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. கோடைக்கு மட்டும் எச்சரிக்கை என்ற பேச்சே நமக்குக் கிடையாது. அமெரிக்காவில் வேளாண்மைத் துறையினர் சொல்லும் விதி, சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது. வெயிலில் நிறுத்திய பேருந்துக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் விருந்துக்கு உணவு சமைத்து அனுப்பும் நிறுவனங்கள் அதன்மேல் நேரச்சீட்டு ஒட்ட வேண்டும். எந்த நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம் என்பது அங்கே சொல்லப்படும் எல்லை. நாங்கள் இதையே பின்பற்றி, பேருந்தில் ஏற்றும் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை எழுதி ஒட்டுகிறோம். ஒன்று கவனியுங்கள், பொட்டலம் கட்டிய நேரமோ வண்டி ஏற்றிய நேரமோ அல்ல, இறக்கிய நேரம். எங்களுக்கு இது மிகவும் அவசியம். பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எத்தனை நேரம் நிற்போம் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் முக்கால் மணி. பள்ளி விடுமுறை நாளில் மூன்று மணி. அந்த மூன்று மணியும் சாப்பாட்டுக்குத்தான் வயதாகிறது.

பெரிய பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது பேருக்கான பிரியாணிச் சட்டியை இறக்கி மூடி வைத்தால், மேலே ஆறிவிடும். நடுவிலே பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. இறைச்சிக் குழம்பிலும் இதே கதைதான். அதில் வளர்வது வேறொரு கிருமி, குளோஸ்ட்ரிடியம் இனம். காற்றில்லாத ஆழத்தையே விரும்புவது. எங்கள் பொட்டலங்களைச் சூட்டோடு நெருக்கி அடுக்கியதில் நேர்ந்த பிழையும் இதுவே. சூடாகக் கொண்டுபோக வேண்டுமானால் சூடு தாங்கும் குடுவையில், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொண்டுபோக வேண்டும். ஆறவைத்துக் கொண்டுபோக வேண்டுமானால் அகலத் தட்டில் பரப்பி, விசிறி விரைவாக ஆற்றி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கொண்டுபோவது என்ற மூன்றாவது வழியைத்தான் நாம் வழக்கமாகச் செய்கிறோம்.

அப்படியானால் பாட்டி காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு மூன்று நாள் பயணம் போனார்களே, அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனார்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, தண்ணீர் வற்றிய அந்தக் காய்ச்சலை, பரப்பி ஆறவைத்த உதிரிச் சோற்றில் கிளறினார்கள். புளிப்பு மிகுந்த இடத்தில் கிருமிகள் பெருகத் திணறுகின்றன. ஈரமும் குறைவு. வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்த வழி! ஆனால் இன்று நாம் பொட்டலப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, குழந்தைகளுக்குப் புளிக்கும் என்று புளியைப் பாதியாக்கிச் செய்யும் புளிச்சோற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. புளி கிருமியைக் கொல்வதும் இல்லை, அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் அவித்த முட்டையை வெட்டி வைத்துவிட்டால் முட்டையின் கதை தனி. முட்டைக்குப் புளிக்காப்பு இல்லை.

முட்டை என்றதும் செம்பவாங் வெந்நீர் ஊற்று நினைவுக்கு வந்துவிட்டது. காம்பஸ் அவென்யூ ஓரமாக இருக்கிறது அது. 1909-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட ஊற்று. 1920-களில் ஒரு நிறுவனம் அந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் குளியல் தொட்டிகள் கட்டினார்கள். 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் அதை அழகான பூங்காவாக்கித் திறந்துவைத்தது. ஊற்றுநீர் வெளிவரும்போது 70 டிகிரி. மக்கள் வாளியில் அந்த நீரைப் பிடித்து முட்டையைப் போட்டு, வெந்ததும் உரித்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. அடுப்பே இல்லாமல் முட்டை வேகிறதே!

ஆனால் வேகிறதா? இங்கே ஒரு விந்தை இருக்கிறது. முட்டையின் மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரியில் உறையும். வெள்ளைக்கரு முழுதாகக் கெட்டியாக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே 70 டிகிரி நீரிலேயே வைத்திருந்தால் உள்ளே மஞ்சள் உறைந்து, வெளியே வெள்ளை குழகுழவென்று நிற்கும். வீட்டு அடுப்பில் நடப்பதற்கு நேர்மாறு. இது ஊற்றுநீர் 70-லேயே நின்றால். வாளியில் பிடித்த நீர் 70-லேயே நிற்குமா? குளிர்ந்த முட்டைகளைப் பத்து பன்னிரண்டாகப் போட்டவுடன் சூடு இறங்குகிறது. காற்றுப்பட இன்னும் இறங்குகிறது. அரை மணி கழித்து எடுத்தால் சில முட்டைகளின் மஞ்சள்கூட நீராகவே இருக்கும். அந்த முட்டை வெந்ததல்ல, வெந்நீரில் குளித்தது.

முட்டை ஓடு உடையாமல் சுத்தமாக இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சால்மொனெல்லாவில் ஒரு வகை, கோழியின் உடலிலிருந்து முட்டை உருவாகும்போதே உள்ளே புகுந்துவிடும். ஓட்டைக் கழுவி அதைப் போக்க முடியாது. 2021-ஆம் ஆண்டில் மலேசியப் பண்ணைகள் சிலவற்றின் முட்டைகளில் இந்தக் கிருமி தென்பட்டு, சிங்கப்பூரில் அவை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எந்தப் பண்ணை முட்டை என்று கண்டுபிடிக்க ஓட்டின்மேல் அச்சடித்த எழுத்தும் எண்ணும் உதவின. பிள்ளைகளுக்கு அந்தக் குறியைப் படித்துக் காட்டுங்கள், ரசிப்பார்கள். அதே ஆண்டு திரெங்கானு மாநிலத்தில், பச்சை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்த ஒரு பலகாரத்தைச் சாப்பிட்ட பலர் சால்மொனெல்லாவால் நோயுற்றார்கள்.

ஆகவே நாங்கள் செய்வது இது. எல்லை தாண்டி முட்டை, இறைச்சி கொண்டுவரக் கட்டுப்பாடுகள் இருப்பதால் முட்டையைச் செம்பவாங் கடையிலேயே வாங்குகிறோம். பாஸ்டுரைஸ் செய்த முட்டை என்று ஒரு வகை கிடைக்கிறது. ஓட்டோடு இதமாகச் சூடாக்கிக் கிருமியைப் போக்கியது, விலை சற்றுக் கூடுதல். பிள்ளைகளுக்கு அதுதான். மூடியுள்ள, சூடு தாங்கும் பாத்திரத்தில் நீரைப் பிடித்து, ஐந்து முட்டைக்கு மேல் போடாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றுகிறோம். அதை ஆசிரியர்களே செய்கிறோம், 70 டிகிரி நீர் பிஞ்சுக் கையைப் பொசுக்கிவிடும். கர்ப்பிணிப் பெண்கள், முதியவர்கள், சின்னஞ்சிறு குழந்தைகள் ஆகியோருக்கு ஊற்று முட்டை வேண்டாம். அவர்களுக்கு அடுப்பில் நன்றாக அவித்த முட்டைதான் ஏற்றது. மஞ்சளும் வெள்ளையும் இரண்டும் கெட்டியாக இருக்க வேண்டும். காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டைக்கு மிளகுத்தூள் தூவிச் சாப்பிடும் பெரியவர்களை நாங்கள் தடுக்கப் போவதில்லை. எங்களில் சிலருக்கே அது இல்லாமல் காலை விடியாது.

கரியடுப்புக்கு வருவோம். இங்கே கோளாறு வேறு வகை. கோழி இறக்கை மேலே கறுத்துவிடும், எலும்பை ஒட்டிச் சிவப்பாகவே இருக்கும். பசிக்கு அவசரப்படும் பிள்ளைகள் கறுப்பைப் பார்த்து வெந்துவிட்டது என்பார்கள். உள்ளே 75 டிகிரி எட்ட வேண்டும் என்பது அளவு. வெப்பமானி இல்லாவிட்டால் பெரிய துண்டு ஒன்றை எலும்புவரை கீறிப் பாருங்கள். தழல் தணிந்து சாம்பல் பூத்தபின் வாட்டினால் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும். வீட்டிலேயே முக்கால் வேக்காடு வேகவைத்துக் கொண்டுவந்து வாட்டுவதும் சிலர் வழக்கம். இடையில் இரண்டு மணி நேரம் காரில் கிடந்தால் அந்த முக்கால் வேக்காடுதான் ஆபத்து. முழுதாக வேகவையுங்கள், அல்லது பச்சையாக ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள்.

சாத்தே வாட்டுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? லெமன்கிராஸ் தண்டின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, எண்ணெயில் தோய்த்து இறைச்சிமேல் தடவுவார்கள். பார்க்க அழகு, மணமும் கூடும். ஆனால் பச்சை இறைச்சிமேல் தடவிய அதே தண்டு, வெந்து இறக்கப்போகும் சாத்தேமீதும் கடைசியாக ஒரு முறை ஓடுகிறது. பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததையும் எடுத்து வைக்கிறோம். ஒரே இடுக்கியால் இரண்டையும் எடுக்கிறோம். வேகவைத்துக் கொன்ற கிருமியைத் தட்டிலிருந்து திருப்பி வாங்கிக்கொள்வதுதான் இது. இரண்டு தண்டு, இரண்டு இடுக்கி, இரண்டு தட்டு, செலவு அதிகமில்லை.

இது அற்ப விஷயமாகத் தோன்றும். 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் நோயுற்றார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். ரோஜாக் நமக்கு அறிமுகமான பண்டம், வடையும் உருளைக்கிழங்கும் வெள்ளரியும் இனிப்புச் சாறும். அதில் பச்சைக் கடலுணவு எங்கே வந்தது? உண்ணத் தயாராக இருந்த பண்டத்தோடு பச்சைக் கடலுணவின் தொடர்பு ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதே விசாரணையில் தெரிந்தது. கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி அது. 1950-இல் ஜப்பானின் ஒசாக்காவில் சிறு மீன் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோதுதான் இந்தக் கிருமி முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. கடற்கரைக்கு இறாலும் கணவாயும் வாட்டப் போகிறவர்கள், அவற்றைத் தனிப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில், கசியாத உறையில் வைப்பதற்குக் காரணம் இதுவே. இறால் பொட்டலம் கிடந்த ஐஸ்கட்டியை எடுத்து ரோஸ் சிரப்பில் போடுகிறார்களே, அதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். குடிக்கும் ஐஸ் தனி, குளிரூட்டும் ஐஸ் தனி.

கை கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரும் சோப்பும் கொண்டுபோங்கள், ஈரத்துணியில் துடைப்பது கழுவியதாகாது. விரலில் புண்ணுள்ளவர் பரிமாற வேண்டாம், பந்தியில் உட்காரட்டும்.

யாருக்காவது வயிறு கோளாறு செய்துவிட்டால் முதல் வேலை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மடக்கு மடக்காகக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலும், கடுங்காய்ச்சல் வந்தாலும், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும், சிறுநீர் கழிக்காமலிருந்தாலும் உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். போகும்போது கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீர்கள். முந்திய மூன்று நாள் சாப்பாட்டையும், எந்த மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். மிச்சமிருந்தால் தனிப்பையில் கட்டி எடுத்துப் போங்கள். எங்கள் மருத்துவர் ஐஸ்கிரீம்காரரை விடுவித்தது அந்தக் கேள்விகளால்தான்.

மிச்சம் என்றதும் இன்னொன்று. சோற்றைக் கொட்டுவது நமக்குப் பாவம். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பிடிச் சோற்றின் அருமை தெரியும். கோயில் அன்னதானத்தில் நூற்றுக்கணக்கானோர் சாப்பிட்டும் பெரும்பாலும் ஒன்றும் நேராமலிருப்பது, அண்டாவிலிருந்து ஆவி பறக்க இலைக்கு வருவதால்தான். அதே சோற்றைப் பையில் கட்டி, மாலைவரை வெயிலில் அலைந்து, இரவு வீட்டில் பிரிக்கும்போதுதான் வில்லங்கம். எங்கள் பயணங்களில் முதலில் மிச்சம் நிறைய விழுந்தது. இப்போது பிள்ளைகளிடம் முன்னதாகவே கேட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து சமைக்கிறோம். பசித்தால் இருக்கட்டும் என்று உறையிட்ட ரொட்டியும் வாழைப்பழமும் ஆரஞ்சும் வைத்துக்கொள்கிறோம். அவற்றுக்குக் கடிகாரம் வேண்டாம்.

சென்ற பயணத்தில் பேருந்து சோதனைச்சாவடியில் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றது. எலுமிச்சைச் சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் ‘காலை 5.10’ என்று எழுதியிருந்தது. பூங்காவை அடைந்தபோது ஒன்பதே முக்கால். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “நல்லாத்தானே இருக்கு டீச்சர்” என்றார். நல்லாத்தான் இருந்தது, அன்றைய மீகூனும் அப்படித்தான் இருந்தது. பாத்திரத்தைப் பையில் கொட்டிக் கட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்தோம். முனகல்தான். பிறகு ஊற்றுக்குப் போய்ப் பாத்திரத்தில் நீரைப் பிடித்து முட்டைகளைப் போட்டதும், முனகியவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, எங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை உரக்க எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.